எட்டு நிமிடப் படமும் ஒரு புறாக்கூடும்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆறாம் வகுப்போடு என் பள்ளி முடிந்தது. தமிழை மாலை நேரங்களில் கோவில் வகுப்பில் கற்றேன். வீட்டில் எல்லோரும் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கியூர்பிப் நகருக்குத் தெற்கே உள்ள மலைக்காட்டில் நான் காவலாளாக இருந்தேன். சுதந்திரம் இன்னும் வந்திருக்கவில்லை. எங்கள் தீவில் தொலைக்காட்சி புதிது. எங்கள் கிராமத்தில் ஒரே பெட்டி, அதுவும் பொது மண்டபத்தில். ஊரே தரையில் உட்கார்ந்து பார்க்கும்.

தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒருவர் எங்கள் வனத்துறை அலுவலகத்துக்கு வந்தார். செய்திக்குப் பிறகு காட்ட எட்டு நிமிடப் படம் வேண்டும், இந்தத் தீவில் மட்டுமே உள்ள உயிராக இருக்க வேண்டும் என்றார். மேலதிகாரி என்னைக் கைகாட்டினார். ரோஜா நிறப் புறாவின் கூட்டை அந்த வருடம் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

நாலு சுள்ளியைப் போட்டு வைத்தது போல ஒரு கூடு, அதில் சில நாளில் பொரியப் போகும் இரண்டு வெள்ளை முட்டைகள். மேலே உள்ள சரிவில் நின்றால் உள்ளே தெரியும். எங்கள் பக்கத்தில் அந்தப் புறாவைப் பற்றிச் சொன்னால் கறி எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள். சிறு வயதில் நானும் தின்றிருக்கிறேன். தாயின் வாய்க்குள் குஞ்சு அலகை விட்டுத் தின்பதை மண்டபத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால், கவண் எடுக்கிறவனுக்குக் கை கூசும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை.

திட்டம் போடுவது இவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியாது. நிலையத்துக்காரரிடம் இருந்த பிலிம் சுருள் இரண்டு காலைப் பொழுதுக்குத்தான் போதும். அதனால் வெளிச்சம் எப்போது விழும், மூடுபனி எப்போது விலகும், தாய் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று எல்லாவற்றையும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். விடியுமுன் மலை ஏறி, நனைந்த உடுப்போடு இறங்கி, பஸ் பிடித்து கியூர்பிப்புக்குப் போய் அவர் முன் உட்காருவேன். முதல் அரை நிமிடத்தில் ஏதாவது அசையாவிட்டால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அவர் கவலைப்பட்டார். பிரெஞ்சில் கேட்பார். பாதி புரியாமல் தலையாட்டுவேன். முழங்கால் வலிக்கும்.

கூடு இருக்கும் மரத்துக்கு அடையாளம் வையுங்கள், மூடுபனியிலும் தெரிய வேண்டும் என்றார். திங்கட்கிழமை, மனைவியின் கிழிந்த சிவப்புச் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்து அடிமரத்தில் சுற்றிக் கட்டினேன். அடுத்த மூன்று நாளும் வழி, நேரம், யார் எதைச் சுமப்பது என்று அவருடைய மேசையிலேயே போயின. காட்டுக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை இடம் காட்ட அவரை மட்டும் அழைத்துக்கொண்டு ஏறினேன். மரத்தடியில் சாம்பல், குங்குமம், கற்பூரக் கறை. படையலாக ஒரு சிகரெட்டும் வைத்திருந்தார்கள். சுற்றிலும் வாழைப்பழத் தோல், அதன் நடுவே முட்டை ஓடு. மேலே கிளையில் இரண்டு குரங்குகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூடு இருந்த இடத்தில் சுள்ளிகூட இல்லை.

மரத்துக்குச் சில அடி கீழே நாற்றுகளுக்குக் களை எடுக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களை மேய்க்கும் மேஸ்திரியான சர்தாரிடம் கேட்டேன்.

"சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. சும்மா தாண்டிப் போக முடியுமா அண்ணே?" என்றார்.

பின்னால் இருந்த ஒரு பெண் சிரித்தாள். "துணி கட்டத் தெரிஞ்ச ஆளுக்குக் கற்பூரம் ஏத்தத் தெரியலையேன்னு நாங்கதான் ஏத்தினோம். தினம் ஒரு சீப்பு பழம். எம் புள்ளைக்கு நேத்து காய்ச்சல் விட்டுருச்சு."

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எனக்கு, சிவப்புத் துணி சுற்றிய மரத்தை நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று தோன்றாமல் போனது. பழம் இல்லாவிட்டால் குரங்கு அந்தப் பக்கம் வந்தே இருக்காது. அவளிடம் என்ன கோபப்பட முடியும்? துணியை அவிழ்க்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

துணி யாருடையது என்று நிலையத்துக்காரர் கேட்டார்.

"நான்தான் கட்டினேன், முசியே."

அவர் திட்டவில்லை. திட்டத் தாளைத் திருப்பி முழங்காலில் வைத்து, பின்பக்கத்தில் குரங்கு என்று எழுதினார். தீவுக்கே உரியதாக இல்லாவிட்டால் என்ன, ஜனங்கள் சிரிப்பார்கள் என்றார். அன்றுதான் நானாக அவரிடம் ஒன்று கேட்டேன்: புறாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல முடியுமா? காட்டாத பறவையைப் பற்றிப் பேசினால் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும் என்றார். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை. தூறல் இருந்தது. பதினோரு மணி வரை குரங்குகளைப் படம் எடுத்துவிட்டு அவரும் கேமராக்காரர்களும் புறப்பட்டுப் போனார்கள்.