விற்பவர்களின் ஆள்

என் கணவருக்கு ஓட்டைவாய். ஊர்ப் பெடியன் ஒருவனைக் கண்டுவிட்டால் போதும், நெஞ்சில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வீடு காட்ட வந்த ஏஜென்ட், "நீங்கள் மன்னாரோ அண்ணை?" என்று கேட்டதும் உருகிப்போனார். எந்தக் கோவில் பங்கு, ஆருடைய மகன் என்று விசாரித்ததில், அவனுடைய தமையனும் இவரும் ஒரே பள்ளிக்கூடம். பிறகென்ன, ஏஜென்ட் 'தம்பி' ஆகிவிட்டான்.

வீடு எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. நாங்கள் இருந்த வாடகை வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். இதையும் தவறவிட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது? குசினிக் கூரையில் மட்டும் ஈரம் கண்டிருந்தது. வாங்கினால் அதைத் திருத்தவும் கையில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.

புறப்படும்போது இவர் அவனுடைய தோளில் கை போட்டார்.

"தம்பி, நீ எங்கட பெடியன். உன்னட்ட என்னத்தை ஒளிக்கிறது? எங்களாலை கடைசியாக் குடுக்க ஏலுமானது..."

"நில்லுங்கோ அண்ணை!" அவன் பதறிவிட்டான். "அதை என்னட்டச் சொல்லாதேங்கோ. எனக்குக் கூலி தாறது வீடு விக்கிறவை. நான் அவையின்ர ஆள். நீங்கள் சொன்னால் நான் அவையிட்டச் சொல்லத்தான் வேணும். உங்களுக்கெண்டு பத்திரம் பாக்க ஒரு சொலிசிட்டரையும், வீட்டைச் சோதிக்க ஒரு சேர்வேயரையும் பிடியுங்கோ. அவைதான் உங்கட ஆக்கள்."

இவருடைய முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. "கோட்டும் சூட்டும் போட்டவுடனை பெரிய துரை! ஊர்ச் சனத்துக்கு இதுதான் மரியாதையோ?" என்று காரில் வரும் வழியெல்லாம் திட்டினேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான் உறைத்தது. அவன் பேசாமல் நின்று கேட்டிருந்தாலே போதும், எங்கள் கடைசி விலை அன்றைக்கே விற்பவர்களிடம் போயிருக்கும். அவனுடைய கமிஷனும் கூடியிருக்கும். கடவுளே, அந்தப் பிள்ளையையா இவ்வளவு ஏசினேன்!

சேர்வேயர் வந்து கூரையைப் பார்த்துக் குறை எழுதினார். அதைச் சொல்லி விலை பேசியதில், எங்கள் கடைசி விலைக்கு உள்ளேயே வீடு கிடைத்தது. மிஞ்சியதில் கூரையும் போட்டோம்.

பங்குச் சுவாமியார் வந்து புது வீட்டைச் செபித்து மந்திரித்த அன்று அவனையும் சாப்பிடக் கூப்பிட்டோம். கழுத்துப்பட்டி இல்லாமல், சாதாரணச் சட்டையோடு வந்தான். இவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, இண்டைக்கு நீ ஆரின்ர ஆள்?"

"இண்டைக்கு நான் ஒருத்தரின்ர ஆளுமில்லை அண்ணை. நல்லாப் பசிக்குது."

தலைப்பகுதி மீன் துண்டைப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்தேன். அதை அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையில் போட்டேன்.