நடந்து போன ஒன்பதாவது குண்டு

ஊரில் எந்த ஃபேன் நின்றாலும் காயில்காரம்மாவிடம்தான் வரும். முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றுவாள். நடுவில் பேச்சுக் கொடுத்தாலும் கணக்கு தவறாது. பேசியவருக்குத்தான் திட்டு விழும்.

அப்பேர்ப்பட்டவள் ஆறு வருடமாக வாடகை அறையில் கிடந்தாள். சொந்த வீட்டுத் தெருவில் சண்டைக் காலத்துக் குண்டுகள் மண்ணுக்குள் இருந்தன. வேலி போட்டு மூடிவிட்டார்கள். கையால் தேடி எடுக்க இன்னும் பத்து வருடமாம். வீட்டுச் சாவியை மட்டும் இடுப்பிலிருந்து அவள் எடுக்கவே இல்லை.

"அதை உருக்கிக் கம்பியாக்கிடு, காயிலாவது சுத்தலாம்" என்பார் கணவர்.

பறந்தபடியே குண்டைக் கண்டுபிடிக்கும் கருவி செய்ய இரண்டு என்ஜினியர்கள் வந்தார்கள். ட்ரோனுக்கு அடியில் தொங்கவிட எடை குறைந்த காயில் வேண்டும். பதினொன்று சுற்றினாள். ட்ரோன் மோட்டாரின் தொந்தரவில் பத்து காயில் செவிடாகிப்போயின. பதினொன்றாவதற்குக் காது கேட்டது.

சோதனைக்காக வெடிமருந்தில்லாத வெற்றுக் குண்டுகள் எட்டைப் புதைத்தார்கள். அனுமதி தரவேண்டிய அதிகாரி மைதானத்து ஓரமாக நிழல் தேடி நின்றார். கருவி ஒன்பது முறை கத்தியது. நிழல் நகர்ந்தது, அவரும் நகர்ந்தார். மறுபடி பறக்கவிட்டார்கள், மறுபடி ஒன்பது.

"எட்டு எண்ணத் தெரியாத மிஷினுக்கு எப்படிய்யா அனுமதி குடுக்கறது?" என்று ஃபைலை மூடினார்.

என்ஜினியர்களின் முகம் தொங்கிப்போனது. அவள் கை இடுப்புச் சாவிக்குப் போனது. வீடு போச்சே! இரண்டு தடவை பறந்தபோதும் கருவி புள்ளி வைத்துக் காட்டிய படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எட்டுப் புள்ளிகள் அசையவில்லை. ஒன்பதாவது மட்டும் இருபதடி தள்ளிப்போயிருந்தது.

"சார், புதைச்ச குண்டுக்குக் கால் முளைக்குமா? முதல்ல நீங்க எங்க நின்னீங்க?"

"அந்த மரத்துக்கிட்ட."

"அப்புறம்?"

"இங்கதான்..." என்றவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பாதுகாப்பு பூட்ஸ்; முனையில் இரும்புத் தகடு.

"கழட்டி மைதானத்துக்கு வெளியே வெச்சுடுங்க சார்."

கட்டைவிரல் எட்டிப் பார்த்த சாக்ஸுடன் அதிகாரி நின்றார். மறுபடி பறந்த கருவி எட்டோடு வாயை மூடிக்கொண்டது. அவள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் கலைந்தன. அதிகாரியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கருவி முதலில் அவள் தெருவின்மேல்தான் பறந்தது. ஐந்து இடங்களில் கத்தியது, ஐந்திலும் குண்டு. ஒன்று அவள் வாசற்படியிலிருந்து நான்கடி. எல்லாவற்றையும் எடுத்து, மறுபடி பறக்கவிட்டுப் பார்த்து, வேலியைப் பிரித்தார்கள்.

துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் கணவர்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பூட்டைத் தாழ்ப்பாளோடு கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கதவைத் தள்ளி உள்ளே போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. வீடு பெருக்கணும்."