டெல்ஃபினா சுக்கான் பிடித்த பந்தயம்

சாசலிட்டோவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ஃபினா அவிலாவைப் பரம சாது என்று சொல்பவர்கள் அவளைத் தண்ணீரில் பார்த்ததில்லை. கார்த் லிண்ட்குவிஸ்டின் பாய்மரப் படகில் பல வருஷம் பெரிய பாயின் கயிற்றைப் பிடித்தவள் அவள். ஒரு தடவையாவது சுக்கானைக் கொடு என்று கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என்று சிரித்துவிட்டான் அவன். சீக்கிரமே அதே அச்சில் செய்த பழைய மரப்படகு ஒன்றை வாங்கினாள். தம்பி ஆன்செல்மோவையும் அவன் மனைவி இவோனையும் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்கு வந்துவிட்டாள்.

வந்தாளே தவிர ஜெயிக்கவில்லை. போன கோடையில் பலத்த காற்றில் படகைத் திருப்பப்போய், எல்லோர் கண்முன்னாலும் பாய்மரத்தையே முறித்துக்கொண்டாள். புதுப் பாய்மரம் நட்டுத் திரும்பி வந்தபோது கரையில் சிலர் கைதட்டினார்கள். அது பாராட்டா கேலியா என்று அவளுக்குப் புரியவில்லை.

இந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தன்று மதியம், விரிகுடா வாயிலுள்ள பாலத்துக்கு அடியிலிருந்து காற்று சீறிக்கொண்டு வந்தது. விரிகுடா முழுக்க வெள்ளை நுரை. காற்று பிடிக்கும் பரப்பு குறையட்டும் என்று பெரிய பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டச் சொன்னாள் டெல்ஃபினா.

லிண்ட்குவிஸ்டின் படகு உரசுவதுபோல் பக்கத்தில் வந்தது. "என்ன டெல்ஃபினா, பாவாடை சுருங்கிப்போச்சா?"

"உன்னுது கிழியாம பாத்துக்க!"

ஆன்செல்மோவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, எல்லாரும் முழுப் பாய்ல போறாங்க."

"அவங்க படுத்துக்கிட்டுப் போவாங்கடா. நாம நிமிந்து போவோம்."

பந்தயம் தொடங்கும் வெடி வெடித்தது. முதல் பாதி காற்றை எதிர்த்து, மேற்கே உள்ள மிதவை வரைக்கும். கடல் உள்ளே ஏறிக்கொண்டிருந்த நேரம். நடுவில் போனால் நீரோட்டமும் எதிரே தள்ளும். அதனால் அவள் நீரோட்டம் தளர்ந்திருக்கும் நகரக் கரையை ஒட்டியே, பாறை தெரியும் வரை போய்த் திரும்பி, மறுபடி கரைக்கே வந்து முன்னேறினாள். இவோன் பாயின் விளிம்புகளை இறுக்கி அதைத் தகடுபோல் தட்டையாக்கினாள். உச்சியை மட்டும் சற்றுத் திறந்துவிட்டு, வேண்டாத காற்றை அதன் வழியே வழியவிட்டாள்.

"பெருசா ஒரு காத்து வருது அண்ணி!"

"கயிற விடு... விடு... இப்ப இழு!"

படகு ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து பாய்ந்தது. சுற்றிலும் மற்ற படகுகள் பக்கவாட்டில் சாய்ந்து, சுக்கான் பாதி வெளியே தெரிய, முன்னால் போவதைவிடப் பக்கத்தில் வழுக்கியதுதான் அதிகம். மிதவையைச் சுற்றியபோது அவளுக்கு முன்னால் லிண்ட்குவிஸ்ட் ஒருவன்தான். திரும்பும் வழியில், பின்காற்றில், அவனையும் எட்டிப் பிடித்துவிட்டாள்.

இரண்டு படகும் சமமாக ஓடின. முடிவுக் கோட்டுக்குப் போக, பாயை மறுபக்கம் மாற்றியாக வேண்டும். பின்காற்றிலேயே மாற்றினால் பாயின் அடிக்கட்டை ஆளைக் கொல்லும் வேகத்தில் பாயும். போன வருஷம் மரம் முறிந்ததும் அப்படித்தான். டெல்ஃபினா நிமிர்ந்து பாய்மரத்தைப் பார்த்தாள்.

"முன்பக்கமா சுத்துறோம்," என்றாள்.

"நேரம் போயிடுமே அக்கா!"

"போகட்டும்டா. மரம் நிக்கும்."

பாய்களை இழுத்துக்கொண்டு படகின் மூக்கைக் காற்றுக்குள் திருப்பி, முழு வட்டமாகச் சுற்றினாள். "கோழிக்குஞ்சு மாதிரி பயந்து ஓடுறியே!" என்று லிண்ட்குவிஸ்ட் கத்தியது காற்றில் கேட்டது. கத்திய கையோடு அவன் நேராகவே திருப்பினான். அவன் பாய் படாரென்று மறுபக்கம் அறைந்தது. படகு சுழன்று, தண்ணீரில் அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று கத்தினாள் டெல்ஃபினா.

அவன் படகைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று நனைந்த தலைகளையும் எண்ணிவிட்டு, "இருக்காங்க அண்ணி, கெட்ட வார்த்தைகூட வருது!" என்றாள் இவோன்.

அதற்குப் பிறகு டெல்ஃபினா திரும்பிப் பார்க்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் முதல் படகுக்கான வெடி முழங்கியது. ஆன்செல்மோ சின்னப் பையன் மாதிரி அழுதான். அவளோ சுக்கானை விடாமல் தொண்டை கிழியக் கத்திக்கொண்டேயிருந்தாள்; என்ன கத்தினாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்கு நினைவில்லை.

மாலையில் படகு கிளப்புக்குள் நுழைந்தபோது, முட்டைக்கோஸும் காரத் தொத்திறைச்சியும் போட்ட சூப்பு தயாராக இருந்தது. லிண்ட்குவிஸ்ட் தலை துவட்டாமலே எழுந்து வந்து கை நீட்டினான். "நல்லா ஓட்டின. அந்தச் சுத்து எனக்குத் தோணல."

"தோணிருக்கும். வெக்கமா இருந்திருக்கும்," என்றாள் அவள். அறையே சிரித்தது, அவனும் சேர்ந்து.

டெல்ஃபினா கரண்டியை ஒதுக்கி வைத்தாள். கிண்ணத்தை அப்படியே தூக்கிக் குடித்துவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னாள்.