பின் சக்கரத்துக்கு ஓர் அங்குலம்

என்னைப் பிடிவாதக்காரி என்று முதன்முதலில் சொன்னவர் என் அப்பா. அந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று, அவரைத் தூக்கிப்போக வந்து வெறுங்கையோடு திரும்பிய நாலு பேரைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் வருடங்கள் அவை. நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், நான் பிறந்த அதே லயத்து வரிசை வீட்டில் இருந்தார்கள். அப்பாவுக்குச் சீனி வியாதி. இடது காலில் வந்த புண் ஆறவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை பதுளை கிளினிக்கில் மருந்து கட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

தார் ரோட்டு, கொழுந்தை அரைக்கிற தேயிலை ஸ்டோரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே லயம் வரைக்கும் ஒன்றரை மைல் ஏற்றம். பக்கத்து லயத்து நாலு பேர், நாற்காலியில் கம்பு கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அப்பா பார்த்த பார்வையில் அவர்கள் கம்பைக் கீழே போட்டார்கள்.

"நாலு பேரு என்னத் தூக்குறது ஒரு தடவதான்டா. அதுக்கு இன்னும் நாளிருக்கு, போங்க."

கொழுந்து லொறியின் பின்பக்கத்தில் ஏற அந்தக் காலால் முடியாது. முன்னால் உட்காருங்கள் என்று டிரைவர் கூப்பிட்டதற்கும் சம்மதிக்கவில்லை. "அது கிளாக்கரய்யா குந்துற எடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருடம் கொழுந்துச் சாக்குகளோடு பின்னாலேயே போய்வந்த மனுசர். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவே இல்லை.

என்னிடம் ஒரு கார் இருந்தது. பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற, பழைய, சின்ன ஜப்பான் கார். அதை லயத்து வாசலுக்கே கொண்டுபோகிறேன் என்று கிளம்பினேன். அந்த ஏற்றத்தில் லொறிச் சக்கரத்துக்கென்று இரண்டு கொங்கிரீட் பட்டைகள் மட்டும் போட்டிருந்தார்கள். நடுவில் மழை அரித்த பள்ளம். முன் சக்கரங்கள் பட்டைகளின் உள்விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறின. பின் சக்கரங்கள் வழுக்கிப் பள்ளத்தில் விழ, காரின் அடிவயிறு மண்ணில் குந்திவிட்டது. கொழுந்து லொறி டிரைவர் கயிறு போட்டு இழுத்துவிட்டார்.

"டீச்சரம்மா, இது டவுன் காருங்க. வித்துட்டு ஒரு கோவேறு கழுத வாங்குங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் ஏன் போகவில்லை என்பதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் வெண்கட்டித் தூளைக் குழைத்து, முன் டயரில் வெள்ளையும் பின் டயரில் சிவப்பும் பூசி, சிமெந்து முற்றத்தில் நேராகப் பத்தடி ஓட்டினேன். சிவப்புக் கோடு வெள்ளைக்கு உள்ளே தள்ளி விழுந்திருந்தது. அடிமட்டத்தால் அளந்தேன், முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் அதே கதை. பின் சக்கரங்களை ஆளுக்கோர் அங்குலம் வெளியே தள்ளினால் போதும், பட்டையில் நிற்கும்.

அதற்கு ஒரு சாமான் இருக்கிறது என்று பதுளையில் எனக்கு வண்டி பார்க்கிற மெக்கானிக் பாஸ் சொன்னார். ஸ்பேசர் என்று பெயர். சக்கரத்துக்கும் அது மாட்டுகிற அச்சுத் தட்டுக்கும் நடுவில் வைக்கிற வட்டத் துண்டு. பாஸ் சிங்களவர். தோட்டத்து லொறிகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் தமிழைப் பழகியவர். இரண்டு பேருமாகப் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். "உங்க தம்பி வண்டிக்கா, ஸ்டைலுக்கா?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

"என் வண்டிக்கு. எடுத்து வைங்க" என்றேன்.

முதலில் மெல்லிய தட்டுகளை எடுத்து வைத்தார். பழைய போல்ட்டிலேயே செருகிவிட்டால் வேலை முடிந்தது என்றார். பாஸ் அதைக் காரில் வைத்து நட்டைத் திருகிக் காட்டினார். "மூணு சுத்துலயே நிக்குது பாருங்க. எறக்கத்துல கழண்டா, டீச்சர் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்." அடுத்து ஓர் அங்குலத் தடிப்பில், தனக்கென்று போல்ட் உள்ள அலுமினியத் துண்டு. எனக்குப் பிடித்துவிட்டது. பாஸ் அதையும் தள்ளிவிட்டார். நடு ஓட்டை பெரிது, அச்சைக் கவ்வாது, வண்டி ஆடும் என்றார். கடைசியில் லேத் பட்டறையில் என் காரின் அளவுக்கே இரண்டு கடைந்து எடுத்தோம். அச்சை அவர் மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நான் பக்கத்திலேயே நின்றேன்.

பூட்டினார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கி, ஐம்பது மைல் ஓடியதும் மறுபடி இறுக்கத் திரும்ப வரச் சொன்னார். "பின்னால நாலு ஆள ஏத்தி ஒரு தடவ ஓட்டிப் பாருங்க" என்றும் சொன்னார். முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதைக் கேட்க எனக்கு ஏது பொறுமை?

சனிக்கிழமை காலை கார் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறி, லயத்து வாசலில் போய் நின்றது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா கம்பை ஊன்றி வந்து, கேட்காமலே பின் சீட்டில் ஏறினார். அம்மா ஏறினாள். டவுனுக்குத்தானே என்று பக்கத்து வீட்டு அக்காவும் பையோடு ஏறிக்கொண்டாள். முதல் வளைவிலேயே பின்னாலிருந்து கர்ரென்று ஒரு சத்தம், கூடவே ரப்பர் தீயும் வாடை. இறங்கிப் பார்த்தேன். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, வெளியே தள்ளிய டயர் மட்கார்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. வெறும் வண்டியில் பார்த்துவிட்டு வெற்றி என்று நினைத்திருந்தேன்.

"பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்றேன். அம்மாவும் அக்காவும் குறுக்குப் பாதையில் ஸ்டோருக்கு நடந்து வந்துவிடுவதாக இறங்கிப் போனார்கள். அப்பா அசையவில்லை.

"முன்னால வாங்கப்பா."

"அது நம்ம எடம் இல்ல, புள்ள. நான் லயத்துக்கே போறேன்."

கம்பை எடுத்துவிட்டார். இன்றைக்குத் திரும்பினால் இனி வரமாட்டார், கால் போய்விடும்.

"இது தோட்டத்து லொறி இல்ல. யாரு எங்க குந்துறதுன்னு நான்தான் சொல்லணும். இது என் காரு" என்று கத்தினேன். அப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு அழுகை வந்துவிட்டது. "காலு போயிரும்பா" என்றேன்.

அவர் கம்பை ஊன்றி இறங்கினார். முன் கதவைத் தானே திறந்து, புண்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தார். சத்தம் இல்லாமல் கார் இறங்கியது. பெரட்டுக் களத்தில் டிவிசனே வேலைப் பிரிப்புக்காக நின்றுகொண்டிருந்தது. கிளாக்கரய்யாவும் புத்தகத்தோடு நின்றார். நான் வேகத்தைக் கூட்டப் பார்த்தேன்.

"மெதுவாப் போ, புள்ள. கண்ணாடிய எறக்கு" என்றார் அப்பா.

அடுத்த வாரம் பாஸ் மட்கார்டு விளிம்பை உள்பக்கமாகத் தட்டி மடித்துவிட்டார். பிறகு பின்னால் யார் ஏறினாலும் உரசவில்லை. ஆனால் அப்பா பின் சீட்டுக்குப் போகவே இல்லை. புண் ஆற எட்டு மாதம் ஆனது. இரண்டு கால்விரல்கள் போயின.

சில வருடங்கள் கழித்து, அவர் சொன்னபடியே, நாலு பேர் அவரை ஒரே ஒரு தடவை தூக்கினார்கள். அன்று அவருக்கு இரண்டு காலும் இருந்தன.