உலையை நேரில் பார்த்த கௌரி அக்கா

ஆஸ்லோவின் ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது கைப்பேசி அடித்தது. "கௌரி எங்களை விட்டிட்டுப் போயிட்டா, தம்பி" என்றார் கௌரி அக்காவின் கணவர். நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் எத்தனையோ பேரோடு சண்டை போட வேண்டியவர் அவர்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு விசா ஏற்பாடு செய்யும் அதிகாரி கௌரி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து ஆஸ்லோவில் சட்டம் படித்தவர். ஆயுதத்துக்கும் உதவக்கூடிய தொழில்நுட்பம் எங்கள் வழியாக வெளியே போகிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. பொருளை அனுப்பினால்தான் ஏற்றுமதி என்றில்லை, வெளிநாட்டவருக்குக் கற்றுக்கொடுத்தாலும் ஏற்றுமதிதான் என்று திருச்சிக்காரனான எனக்கு விளக்கியவர் அவரே. "சரிங்க மேடம்" என்றேன். "மேடமும் கீடமும் வேண்டாம். அக்கா எண்டு சொல்லுங்கோ" என்றார்.

என் விசாவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. அதிவெப்ப உலைகளில் உலோகக் கலவை செய்வது என் புதிய வேலை; அப்படிப்பட்ட உலைகளில் சில ஆயுதப் பாகங்கள் செய்யவும் உதவும். விசா மறுக்கப்பட்டால் நானும் மனைவியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். உலையைப் பற்றி மூச்சுவிடாமல் 'கற்பித்தல்' என்று மட்டும் எழுதிவிடலாம் என்றார் என் பேராசிரியர். நானும் தலையாட்டினேன். அக்கா சீறினார். "ஒளிச்சு வாங்கின விசா எப்ப பிடிபடுமெண்டு தெரியாது. பொய்க்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

அக்கா உண்மையைச் சொன்னதும் நிர்வாகத் தலைவர் கையை விரித்தார். அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டுக்காரர், எதற்கு வம்பு என்றாராம். மேசையில் உட்கார்ந்தபடி எந்த விண்ணப்பத்தையும் முடிவு செய்யாதவர் அக்கா. தலைவரின் காலணிக்கு உறை மாட்டவைத்து ஆய்வகத்துக்கே இழுத்து வந்தார். ஒவ்வொரு உலையைப் பற்றியும் என்னைக் கேட்டார். ஒன்றுதான் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தலைவரிடம் நார்வே மொழியில் ஏதோ அழுத்தமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிறந்த நாட்டைப் பூட்டேலாது, உலையைப் பூட்டலாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த உலையை எனக்கு மட்டும் பூட்டிவைப்பதா என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கோவமெண்டா என்னோட கோவியுங்கோ. என்னையும் சந்தேகமாப் பாத்துத்தான் இஞ்சை உள்ள விட்டவை. ஆனா நீங்கள் திரும்பிப் போகப் போறேல்லை" என்றார். விசா வந்தது.

இறுதிச் சடங்குக்கு மறுநாள், ஈரானியப் பெண் ஒருவரின் விண்ணப்பம் எங்கள் துறைக்கு வந்தது. "நாடு சரியில்லை" என்றார் அதே தலைவர், விண்ணப்பத்தோடு அவர் அறைக்குப் போன என்னிடம். "முதலில் ஆய்வகத்தைப் பார்ப்போம், வாருங்கள்" என்றேன். முறைத்தார். காலணி உறையை நீட்டியபடி, அவர் எழும்வரை நின்றேன்.

போய் வாருங்கள், அக்கா. அந்த உலை எனக்கு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.