வடிகட்டி அக்கா

திங்கட்கிழமை காலையில் அக்கா அலுவலகத்துக்கு வந்ததும், தோளில் தொங்கும் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, தனக்குத் தானே ஒரு வைரஸ் அனுப்பிக்கொள்கிறார். நிஜ வைரஸ் இல்லை. ஒரு கோப்பு, அதற்குள் ஒற்றை வரி. அதனால் ஈ, எறும்புக்குக்கூடத் தீங்கு வராது. ஆனால் அந்த வரியைக் கண்டால் திருடனைக் கண்டதுபோல் கத்த வேண்டும் என்று வைரஸ் தடுப்பு நிரல்கள் எல்லாம் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. அனுப்பிவிட்டுக் கன்னத்தில் கைவைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். கோப்பு உள்ளே வந்து சேர்ந்தால் மின்னஞ்சல் வடிகட்டி தூங்குகிறது என்று பொருள். "தடுக்கப்பட்டது" என்று அறிவிப்பு வந்த பிறகுதான் பையை இறக்குவார், தண்ணீர் குடிப்பார், எங்களுக்கு வணக்கம் சொல்வார்.

"போன வாரம் முழிச்சிருந்துச்சு, சரி. அதுக்காக இந்த வாரமும் முழிச்சிருக்கும்னு யாரு சொன்னா?" என்பார், யாரும் கேட்காமலே.

எங்களுடையது பாடநூல் பதிப்பகம். நான் மெய்ப்புத் திருத்துபவன். என் மேசைக்கும் அவருடைய அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அந்த அறை ஒரு காலத்தில் காகிதக் கிடங்கு. இன்னமும் மழை நாளில் பழைய காகித வாசனை வரும். மேசைக்கு அடியில் மின்னஞ்சல் சர்வர் ஒரு முரட்டுப் பூனைபோல உறுமிக்கொண்டிருக்கும். அவருடைய பதவிப் பெயர் கணினிப் பொறுப்பாளர். அலுவலகம் வைத்த பெயர் வடிகட்டி அக்கா. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. "சந்தேகப் பிராணின்னு சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் சரி" என்று விட்டுவிட்டார்.

வடிகட்டி வந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர், "திருத்திய அட்டைப்படம்" என்று வந்த இணைப்பைத் திறந்தார். அட்டைப்படம் எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் அலுவலகத்தில் இருந்த பாடக் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. பள்ளி திறக்கும் பருவம் அது. அச்சகம் காத்திருந்தது, நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். தாளில் எடுத்து வைத்திருந்த மெய்ப்புகளைப் பார்த்துப் பார்த்துப் புத்தகங்களை மறுபடி அடித்தோம். அந்தப் பருவம் முடிந்ததும் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு கொசு உள்ள வரக் கூடாது" என்றார். அதுவரை அச்சுப்பொறியில் சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து வாசற்காவலுக்கு அமர்ந்தார்.

முதலில் கொசுவோடு விருந்தாளிகளும் வெளியே நின்றார்கள். உயிரியல் பாடம் எழுதும் பேராசிரியர் அனுப்பிய இனப்பெருக்க மண்டலம் அத்தியாயத்தை வடிகட்டி ஆபாசக் கடிதம் என்று பிடித்து வைத்துவிட்டது. அவர் மறுபடி அனுப்பினார், மறுபடி பிடித்தது. மூன்றாம் முறை அவர் தொலைபேசியில் வந்தார். "நான் எழுதினது பாடமா, வேற ஏதாவதா? நீங்களே சொல்லுங்க" என்றாராம். அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று முழுக்க உட்கார்ந்து நல்ல கடிதங்களை ஒரு பக்கமும் குப்பையை ஒரு பக்கமும் பிரித்து இயந்திரத்துக்கு ஊட்டினார்.

"இது குப்பை, இது குப்பை இல்லன்னு நாமதான் காட்டணும். அது மதிப்பெண் போடும். மதிப்பெண் ஏற ஏற சந்தேகம் ஏறும். நாம தப்பாக் காட்டிட்டா, அது ஆயுசுக்கும் தப்பாத்தான் போட்டுட்டு இருக்கும்" என்று எனக்கு விளக்கினார். பிறகு ஒரு கணம் யோசித்து, "மனுஷங்களும் அப்படித்தான்னு நீங்க உடனே எழுதிடாதீங்க" என்றார். எழுதவில்லை.

வீட்டிலும் இதே ஆள்தான். தம்பி தொலைபேசியில் கூப்பிட்டாலும் குரலை வைத்து நம்பமாட்டார். "தம்பின்னா சொல்லு, சைக்கிள்ல எங்க விழுந்த?" என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். மாமியார் பேச்சு வேகத்தில் தெரியாத எண்ணுக்குப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று அவருடைய கைப்பேசியில் வீட்டு ஆட்களின் எண்கள் மட்டும் ஒலிக்கும்படி செய்திருக்கிறார். மாமியாருக்கு அதில் வருத்தம் இல்லை. "மக வீட்டுக்காரன் கூப்பிட்டாகூட அடிக்க மாட்டேங்குது, நிம்மதியா இருக்கு" என்கிறாராம். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர், கலகலப்பானவர். ஒருமுறை அக்காவை அழைத்துப்போக வந்தபோது என்னிடம் சொன்னார்: "பொண்ணு பாத்துட்டு வந்தப்புறம் எங்க கம்பெனிக்கே போன் பண்ணி, இப்படி ஒருத்தர் நிஜமாவே வேலை பாக்கறாரான்னு கேட்டா சார். வடிகட்டியில மாட்டின லெட்டர் மாதிரி நானும் கொஞ்ச நாள் தனி ரூம்ல கெடந்துட்டுத்தான் உள்ள வந்தேன்." அக்கா சிரிக்கவில்லை. "கேட்டதுல என்ன தப்பு?" என்றார்.

ஊரைச் சந்தேகிக்கும் ஒருவரை ஊர் சும்மா விடுமா? கடிதங்களைச் சலிப்பவர் கடிதங்களைப் படிக்காமல் எப்படிச் சலிப்பார் என்ற கேள்வி சாப்பாட்டு அறையில் சுற்றிச் சுற்றி வந்தது. யாருக்காவது ஒரு கடிதம் வடிகட்டியில் மாட்டினால், அக்கா அதைத் திறக்கமாட்டார். உரியவரை வரவழைத்துப் பக்கத்தில் நிறுத்தி, "உங்களுக்கு வந்தது. நீங்களே பாத்துச் சொல்லுங்க, விடவா வேணாமா" என்பார். அதைக்கூட நாடகம் என்றார்கள். சம்பளப் பிரிவுக்காரர் தன் மகளின் வரன் விஷயங்களை அலுவலக முகவரியில் எழுதுவதை நிறுத்தினார். என் பங்குக்கு நானும் சில கடிதங்களைக் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பக்க வடிவமைப்பாளரின் விஷயம் வந்தது. சின்னப் பெண், கணக்குப் புத்தகங்களின் சிக்கலான பக்கங்களை அவரைப்போல் யாரும் அடுக்க முடியாது. கணவருக்கு வேறு ஊரில் வேலை. கல்யாணமானதிலிருந்து இருவரும் விடுமுறைக்கு விடுமுறை பார்த்துக்கொள்ளும் விருந்தாளிகளாக இருந்தார்கள். அந்த ஊரில் ஒரு பதிப்பகத்துக்கு அவர் அலுவலக முகவரியிலிருந்தே விண்ணப்பித்தார். அவர்களும் பதில் எழுதினார்கள். அலுவலகத்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனாலும் மேலாளர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, "உங்க மனசு இப்ப இங்க இல்லன்னு கேள்விப்பட்டேன்" என்று சொல்லி, அவர் கையில் இருந்த பெரிய புத்தக வேலையை வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அது போதாதென்று, அந்த ஊர்ப் பதிப்பகத்திலிருந்து வந்துகொண்டிருந்த பதிலும் சட்டென்று நின்றுபோனது. மேலாளருக்கு அங்கே ஆள் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வடிவமைப்பாளர் கழிவறையில் முகம் கழுவிவிட்டு வந்து இடத்தில் உட்கார்ந்தார். எல்லோர் கண்ணும் கண்ணாடித் தடுப்புக்குப் போனது. அன்று மதியம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தபோது பேச்சு கத்தரித்ததுபோல் நின்றது. வழக்கமாக அவருக்கு இடம் விட்டு நகரும் வடிவமைப்பாளர் நகரவில்லை.

"போஸ்ட்மேனே லெட்டரைப் பிரிச்சா யாருகிட்டப் போய்ச் சொல்றது?" என்றார் சம்பளப் பிரிவுக்காரர், தன் பாத்திரத்தைப் பார்த்தபடி.

அக்காவுக்குப் புரிந்தது. பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். அங்கே அவர் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. சுட்டியைப் பிடித்த கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. குற்றம் செய்தவர் தடயத்தை அழிக்கிறார் என்று அதையும் சிலர் சொன்னார்கள்.

சில நாள் கழித்து, அட்டைப்பட மெய்ப்பில் கையெழுத்து வாங்க நான் மேலாளர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், உங்க சொந்த முகவரிக்குப் போக வேண்டிய ஒரு மெயிலை வடிகட்டி நிறுத்தி வெச்சிருக்கு."

"என்ன மெயில்?"

"முடி கொட்டறதுக்கு மருந்துன்னு தலைப்புல இருக்கு. விளம்பரம்."

மேலாளரின் கை தன்னையறியாமல் தலைக்குப் போய்த் திரும்பியது. "குப்பைதானே. தூக்கிப் போடுங்க."

"போடலாம் சார். ஆனா அது வெளியிலேர்ந்து வரல. நம்ம ஆபீஸ்லேர்ந்து உங்களுக்குப் போகுது. லேஅவுட் பொண்ணோட பெட்டியிலேர்ந்து. அந்தப் பொண்ணு எதுக்கு உங்களுக்கு மருந்து விளம்பரம் அனுப்பணும்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. மெயில் போய் வந்த பதிவை எடுத்துப் பாத்தேன். அந்தப் பெட்டிக்கு எது வந்தாலும் உடனே அதே அளவுல உங்களுக்கு ஒண்ணு போகுது. குப்பை வந்தா குப்பையும் போகுது; உள்ள வரும்போது தப்பிச்ச இது, வெளிய போறப்ப மாட்டிக்கிச்சு."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அப்புறமா வாங்களேன்."

"அவர் இருக்கட்டும் சார்," என்றார் அக்கா. "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன சொன்னீங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா ஒரு ஆள் வேணும்."

நான் மெய்ப்புத் தாளைப் பிடித்துக்கொண்டு, அதில் பிழை தேடுபவன்போல் நின்றேன்.

"கம்பெனி பெட்டி, கம்பெனி மெயில்," என்றார் மேலாளர், குரலை உயர்த்தாமல். "நான் பாத்தா என்ன தப்பு?"

"பாக்கறோம்னு எல்லாருக்கும் சொல்லிட்டுப் பாக்கலாம் சார். நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, இன்னிக்கே எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

"சொல்லிட்டா யாரு எதை எழுதுவாங்க?"

"அப்ப அந்த ஏற்பாட்டை எடுத்துடறேன்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்களைப் பத்தி வெளியில என்ன பேசறாங்கன்னு தெரியுமா? எல்லாத்தையும் படிக்கறது நீங்கதான்னு சொல்றாங்க. நீங்க வந்து எனக்கு நியாயம் சொல்றீங்க. நான் உங்களை எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் சார்," என்றார் அக்கா. "நானே என்னை நம்பறதில்ல. அதுக்குத்தான் நான் எந்தப் பெட்டியைத் தொட்டாலும் பதிவுல என் பேர் விழற மாதிரி வெச்சிருக்கேன். என்னால அழிக்க முடியாத இடத்துல இருக்கு. பாருங்க, யாரு பாத்தாலும் சரி."

வேலை போனால் வேன் ஓட்டுபவரின் வருமானத்தில் மட்டுமே குடும்பத்தைத் தள்ள வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியாததல்ல. மேலாளர் என் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு இடத்தில் போட வேண்டியதை ஓரிடத்தில் மட்டும் போட்டார். நான் சுட்டிக்காட்டவில்லை.

அதற்குப் பிறகு மேலாளர் எதையும் மின்னஞ்சலில் எழுதுவதில்லை. ஆளைக் கூப்பிட்டு நேரில் சொல்கிறார். அக்காவுக்கு அந்த வருடம் சம்பள உயர்வு இல்லை, காரணமும் சொல்லப்படவில்லை. வடிவமைப்பாளர் கணவர் இருக்கும் ஊரில் வேறொரு பதிப்பகத்தில் சேர்ந்துவிட்டார். அந்தக் கடிதப் போக்குவரத்து முடியும்வரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு அறையில் சந்தேகம் முழுக்கத் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. சம்பளப் பிரிவுக்காரர் இன்னமும் கைப்பேசியில்தான் வரன் பார்க்கிறார்.

அன்று மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்த அக்கா நேராக வடிவமைப்பாளரின் மேசைக்குப் போனார். அங்கே அவர் அதுவரை போனதே இல்லை. சுற்றியிருந்தவர்கள் தட்டச்சை நிறுத்தினார்கள்.

"உன் பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமாம்மா?"

வடிவமைப்பாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

"எனக்குத் தெரியாது. அதான் கேக்கறேன்."

"நான் லீவுல இருந்தப்ப சார் போன் பண்ணாரு. பக்கம் அவசரமா அச்சுக்குப் போகணும்னாரு. சொன்னேன்." சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

அக்கா எதையும் விளக்கவில்லை. யார்மேலும் பழி சொல்லவில்லை. எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று சொல்லச் சொல்ல, வடிவமைப்பாளரே தன் பெட்டியின் அமைப்புகளைத் திறந்து, தனக்கு வருவதையெல்லாம் வேறு முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்த ஒற்றை வரியை நீக்கினார். "உங்களைப் போய்…" என்று ஆரம்பித்தார்.

"அதை விடு. புதுசா ஒரு பாஸ்வேர்டு வை. யாருக்கும் சொல்லாத. எனக்கும் சொல்லாத."

வடிவமைப்பாளர் விசைகளின்மேல் விரல்களை வைத்தார். தயங்கினார். அக்கா அங்கேயே, அவர் தோளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா திரும்பி, எங்கள் எல்லோருக்கும் எதிரில், சுவரைப் பார்த்து நின்றார். அதுவும் போதாதென்று நினைத்தாரோ என்னவோ, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.