மஞ்சக்குட்டை வளைவில் நிற்காத ஜீப்

"டிரைவர் பொன்னுவேல் ஆங்கிலம் அறவே அறியாதவர். வண்டியை நிறுத்தும்படி முதலாளி இட்ட உத்தரவு அவருக்கு விளங்கவில்லை." எஸ்டேட் விசாரணை அறிக்கை 1984-இல் பொன்னுவேலை இப்படித்தான் வருணித்தது.

அறவே அறியாதவருக்கு, எஸ்டேட்டில் எல்லோருக்கும் பழகிய 'டோன்ட்' போக, 'புல் ஓவர்' மட்டும் வெகுகாலமாகத் தெரியும். பழைய முதலாளியம்மாவுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும். "புல் ஓவர், பொன்னுவேல்" என்று முனகுவார். இழுக்கவும் ஒன்றுமில்லை, மேலே ஏறவும் ஒன்றுமில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை புரியாததற்குச் சீட்டைக் கழுவ வேண்டியிருந்தது. பிறகு மறக்கவில்லை. ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி ஆளைச் சுமந்து வந்தால் எந்த வண்டியும் நிற்கும், கேட்க வேண்டியதில்லை. அன்று மஞ்சக்குட்டை வளைவில் வந்த தூளியில் ஆராயி பிரசவ வலியில் கிடந்தாள். முன்கம்பைச் சுமந்தவன் அவள் புருஷன் அங்கப்பன். அவர்களுக்குப் போக வேண்டியது சேலம் ஆஸ்பத்திரி, ஜீப்பும் சேலத்துக்குத்தான். பொன்னுவேலின் கால் பிரேக்குக்குப் போனது. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பக்கத்திலிருந்த புது முதலாளி, "டோன்ட் புல் ஓவர்" என்றார்.

ஆராயி வழியிலேயே இறந்தாள். ஊர் கூடிக் கேட்டபோது, தான் நிறுத்தத்தான் சொன்னதாகவும் ஆளுக்கு இங்கிலீஷ் வரவில்லை என்றும் முதலாளி சொல்லிவிட்டார். வேலையும் எஸ்டேட் வீடும் அவர் கையில். பொன்னுவேல் தலையாட்டினார். தூளிக்கு நிற்க இங்கிலீஷ் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஜீப் ஸ்டாண்டுக்காரர்கள் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள்.

சோறு போடும்போது மனைவி சென்னம்மாள் மட்டும் கேட்டாள்: "ஏனுங்க, பழைய மொதலாளியம்மா வாந்தியெடுக்கறப்ப மட்டும் இங்கிலீஷ் வந்துச்சுங்களா?"

"இந்த ஊட்டை உட்டுட்டு எங்க போவ?"

"போறேன்னுங்களா சொன்னேன்? கேட்டேன்."

காரியம் முடிந்த மறுநாள் அங்கப்பன் வந்தான். அடி வாங்கத் தயாராக நின்றார் பொன்னுவேல். அவனோ கையைப் பிடித்துக்கொண்டான்.

"நொம்ப வெசனப்படாதீங்க மாமா. தெரியாத பாசையில சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? தெரிஞ்சிருந்தா நிறுத்தாமயா போயிருப்பீங்க?"

பொன்னுவேல் உள்ளே போய் டம்ளரோடு வந்தார். "காப்பி குடி, சாமி" என்றார்.

முதலாளி சொன்னது பொன்னுவேலுக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் தூளியைத் தாண்டி ஜீப்பை ஓட்டிப் போனார்.